வாய் மூடி, வாய் திறந்து

தக்குவாரெம்போவில் மார்ச் கடைசி வாரம்.
இராக்கூலிக்குக் குரல் எண்ணுகிறேன்.
கட்டைவிரலுக்கடியில் ஓர் எண்ணுமானி,
மடியில் படிவம்.
படிவத்தில் இரண்டே கட்டம்:
வாய் மூடி. வாய் திறந்து.

மாட்டு டாக்டர் இருரேத்தா
வண்டி எஞ்சினை நிறுத்தாமலே விளக்கிவிட்டுப் போனார்.
தாய் பக்கத்தில் இருந்தால்
கன்று மூக்குக்குள்ளேயே முனகுமாம்.
தொலைவுக்குத்தான் வாய் வேண்டும்.

அந்த முனகலைத் திங்கட்கிழமை கேட்டேன்.
மடியை முட்டுவதற்குச் சற்று முன்,
பிறகு நுரை வழியும் உதட்டோடு நிமிரும்போது.
மாத்தேக்கு வைத்த தண்ணீர்
கொதி வருவதற்குள் கெட்டிலில் ஒரு சத்தம் போடுமே,
அவ்வளவுதான்.
இரண்டு எட்டுத் தள்ளி நின்றால் கேட்காது.

செவ்வாய் காலை
சரசூவாவும் இரண்டு குதிரைக்காரர்களும் பிரித்தார்கள்.
ஏழிழைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நூற்றுப் பதினான்கு,
சிவப்பு உடம்பு, வெள்ளை முகம்.
அந்தப் பக்கம் தாய்கள், கனத்த மடிகளோடு.
"மூணு ராத்திரி. நாலாவது ராத்திரி தூங்கலாம்"
என்ற சரசூவா
மனைவியைக் கூட்டிக்கொண்டு
ஊருக்குள் மச்சினி வீட்டில் படுக்கப் போனார்.

முதல் இரவு எண்ணுமானி
மூன்று முறை நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பியது.
கழுத்து நீண்டு, நாக்கு வெளித்தள்ளி,
வாலடி வரை உடம்பு முழுதும் தொண்டை.
குரல் ஏறிக்கொண்டே போனது,
ஏணி தீர்ந்த பிறகும்.
யூகலிப்டஸ் வரிசைக்கு அப்பாலிருந்து
தடித்த பதில்கள்.
எது எதற்கு என்று எனக்குப் பிரிபடவில்லை.
317 மட்டும்
ஒரே ஒரு பதிலுக்குக் காதைத் திருப்பியது,
மற்ற எல்லாவற்றையும் மழையாக விட்டது.

பால் மறக்கடிப்பது என்கிறோம்,
பால் என்னவோ அவை
மனப்பாடம் செய்து வைத்த பாடம் போல.
கம்பு ஒடித்து அடித்து
மறக்கச் செய்யும் பாடம் போல.

இரண்டாம் இரவு
317இன் கதறல் நுனியில் உடைந்தது.
வாய் திறந்தது, விலா உள்வாங்கியது,
வந்தது வெறும் காற்று.
காற்றை எந்தக் கட்டத்தில் போட?
போடவில்லை.
விரல் மட்டும் தானாக ஒருமுறை அழுந்திவிட்டது.
அந்தக் கணக்கில் ஒன்று அதிகம்,
டாக்டர் மன்னிக்கட்டும்.

மூன்றாம் இரவு பனி இறங்கியது.
கன்றுகள் விட்டு விட்டு, கரகரப்பாய்,
கேட்பதற்குப் பாதி, பழக்கத்துக்குப் பாதி.
வலக்கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையமிட்ட ஒரு பசு
கம்பியில் நெஞ்சைச் சாய்த்து நின்றாள்.
கம்பி விம்மியது.
பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது புல்லில்.
அவள் கூப்பிட்டது விடியும் வரை.
தாய்களுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

நான்காம் இரவு பூஜ்யம்.
தென்சிலுவை சாய்ந்ததுதான் நடந்தது,
தூரத்தில் தேரோப் பறவை இருமுறை திட்டியது,
அது என் கணக்கில் வராது.
பூஜ்யம் எழுதக் கை கூசவில்லை.
போர்வைக்குள் நன்றாகத் தூங்கியும் போனேன்,
அரை மணி நேரம்;
இதையும் எழுதவில்லை.

விடிந்ததும் தவிட்டு வாளியைத் தூக்கினேன்.
கைப்பிடி கிரீச்சிட்டது.
கூட்டத்தை விலக்கிக்கொண்டு 317 வந்தது,
வாயைத் திறக்கவில்லை.
மூக்குக்குள்ளிருந்து
திங்கட்கிழமையின் அதே சத்தம்.
அதேயில்லை:
கொஞ்சம் தாழ்ந்து,
நடுவில் ஒரு கீறலோடு,
நேற்றுப் பழகிய செருப்பு போல.
வாளியிடமா, என்னிடமா, கைப்பிடியிடமா,
தெரியாது.

கம்பிக்கு அப்பால் சிவப்பு வளையக் கண்
ஒரு தரம் நிமிர்ந்தது.
அவ்வளவு மெல்லியது
அங்கே கேட்டிருக்க வழியில்லை.
பிறகு அவளும் மேயக் குனிந்தாள்.

எண்ணும் நேரம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.
இருந்தும் அழுத்தினேன்.
வாய் மூடி: ஒன்று.
யாரைப் பார்த்து என்று
படிவம் கேட்கவில்லை.
வாளிக்குள் முகம் புதைந்துவிட்டது,
தவிடு என் கால்சட்டையெல்லாம்.